வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும்

புனோம் பென், ஆற்றங்கரை

தொன்லே சாப் ஆறு திசை திரும்பியிருந்த சமயத்தில் புனோம் பென் போய்ச் சேர்ந்தேன். மழைக்காலத்தில் மீகாங் பொங்கும்போது இந்த ஆறு பின்னோக்கி ஓடி, நாட்டின் நடுவிலிருக்கும் பெரிய ஏரியை நிரப்பும். ஐப்பசி, கார்த்திகையில் மீகாங் வடிந்ததும் மறுபடி கடல் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு ஒரு திருவிழா உண்டு. படகுப் போட்டி முடிந்து, கரையெங்கும் கரும்புச் சக்கையும் இளநீர்க் கூடுமாகக் கிடக்க, பெண்கள் விடியலிலேயே கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

கம்போடியாவுக்குப் போகிறவர்கள் அங்கோர் வாட் பார்க்கப் போவார்கள். நான் போனது குழாய்த் தண்ணீரைப் பார்க்க. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த நாட்களில்தான் இந்த நகரத்தைப் பற்றி முதலில் படித்தேன். எங்கள் தெருப் பெண்கள் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு லாரிக்காக நள்ளிரவு வரை விழித்திருந்த காலம் அது. போரில் நொறுங்கி, ஆட்களே இல்லாமல் கிடந்த ஒரு தலைநகரம் இருபத்துநான்கு மணி நேரமும் குடிக்கத் தகுந்த தண்ணீரைக் குழாயில் விடுகிறது என்று படித்தபோது பொறாமையாக இருந்தது. எப்படிச் செய்தார்கள் என்று நேரில் போய்க் கேட்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு வந்தது.

ஆற்றங்கரைச் சந்தில் ஓர் அம்மாள் தோள்காவடியில் இரண்டு கூடைகளைச் சுமந்து வந்து நடைபாதையில் இறக்கினார். அரிசிச் சேவையை உருண்டை உருண்டையாகச் சுருட்டி வைத்திருந்தார்; நம் இடியாப்பத்தைச் சற்று ஈரமாக, வழுவழுப்பாக நினைத்துக்கொள்ளலாம். அதன்மேல் எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் மீனும் சேர்த்து அரைத்த பச்சைக் குழம்பு. மேலே வெள்ளரி, வாழைப்பூச் சீவல், ஏதேதோ தழைகள். காலைச் சாப்பாடு இதுதான். நும் பன்ச்சோக் என்கிறார்கள்.

சாப்பிட்டதைவிட அவர் கிண்ணம் கழுவிய விதம் மனதில் நின்றது. பக்கத்துக் கடை வாசலில் ஒரு பித்தளைக் குழாய். அதைத் திறந்து, ஓடும் தண்ணீரில் கிண்ணத்தையும் தழைகளையும் அலசினார், மூடினார். எங்கள் ஊர்ச் சாலையோரக் கடைகளில் காலையில் நிரப்பிய வாளித் தண்ணீரில்தான் மாலை வரை தட்டுகள் முங்கி எழும். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. குழாய் திறந்தால் வரும் என்ற உறுதி அவருக்கு இல்லை.

ஃபும் பிரேக்

நகரின் வடக்கில், ஃபும் பிரேக் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற குழாய்ப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனது என் டுக்டுக் ஓட்டுநர். கெட்டிக்காரப் பையன், ஆங்கிலம் நன்றாகப் பேசுவான். என்னை ‘பொங்’ என்றான், அண்ணன் என்பது போல. பெரியவரை ‘தா’ என்றான்; தாத்தா.

தாத்தா எண்பதுகளில் குடிநீர் வாரியத்தில் சேர்ந்தவர். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படைகள் நகருக்குள் நுழைந்து மொத்த ஜனத்தையும் கிராமங்களுக்கு விரட்டின. 1979இல் மக்கள் திரும்பியபோது குழாய்கள் துருவேறிக் கிடந்தன. வரைபடங்கள் இல்லை. எந்தக் குழாய் எந்தத் தெருவுக்கடியில் போகிறது என்று தெரிந்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. "வீட்டு வாசலில் குழி தோண்டுவோம். குழாயில் அழுத்தம் இல்லையே, பள்ளத்துக்குத்தான் தண்ணி வரும். அதில் சாக்கடையும் ஊறும். அதைத்தான் மோட்டார் வைத்து இழுத்துக் காய்ச்சிக் குடித்தோம்" என்றார்.

1993இல் வாரியத்தின் தலைமைக்கு எக் சொன் சான் என்பவர் வந்தார். அப்போது நகரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஜனத்துக்குத்தான் குழாய் இருந்தது, அதிலும் நாளுக்குப் பத்து மணி நேரம் வந்தால் பெரிது. உற்பத்தியான தண்ணீரில் 72 சதவீதம் கணக்கிலேயே வரவில்லை. ஒரு பகுதி ஒழுகிப் போனது, ஒரு பகுதி திருட்டு இணைப்பில் போனது. திருட்டு இணைப்பு கொடுத்து காசு பார்த்தவர்களில் வாரிய ஊழியர்களும் உண்டு என்பதை அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

அவர் புது அணை கேட்கவில்லை. வீடு வீடாக ஆள் அனுப்பி, யாருக்குத் தண்ணீர் போகிறது, யாருக்கு ரசீது போகிறது என்று முதலில் கணக்கெடுத்தார். தண்ணீரே வராத வீட்டுக்கு ரசீது போயிருந்தது. ரசீதே இல்லாத மாளிகைக்குத் தண்ணீர் பாய்ந்திருந்தது. எல்லா இணைப்புக்கும் மீட்டர் என்றார். அரசு அலுவலகத்துக்கும் மீட்டர், ராணுவத்துக்கும் மீட்டர். ஒரு ஜெனரலின் வீட்டில் மீட்டர் வைக்கப் போனபோது எக் சொன் சானின் தலைக்கு நேரே துப்பாக்கி நீட்டப்பட்டதும், ஆயுதமேந்திய ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய் இணைப்பைத் துண்டித்ததும் கம்போடியாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தாத்தா அதை நேற்று நடந்தது போலச் சொல்லி முழங்காலில் தட்டிக்கொண்டார்.

தாத்தா செய்த வேலை வேறு. ஊர் அடங்கியபின் இரும்புக் கம்பியைக் குழாய்மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது. மண்ணுக்கடியில் ஒழுகினால் சீறும் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் சுண்ணாம்பால் குறிபோட்டுவிட்டு அடுத்த தெரு. காலையில் வேறொரு குழு வந்து தோண்டும். "லாரி போனால் சத்தம் கெட்டுவிடும். அதனால் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல்தான் நல்ல வேலை" என்றார். வலது காதைத் தொட்டுக் காட்டினார், அந்தக் காதுதான் நல்ல காதாம்.

ஜப்பான், பிரான்ஸ், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி என்று வெளியிலிருந்து பணம் வந்தது. கித்தாகியூஷூ நகரத்திலிருந்து ஜப்பானியப் பொறியாளர்கள் வந்து உடனிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். பணம் பல நாடுகளுக்கும்தான் வருகிறது. இங்கே அது ஓட்டைப் பானையில் ஊற்றப்படவில்லை என்பதுதான் வேறுபாடு. பதினைந்து ஆண்டுக்குள் கணக்கில் வராத தண்ணீர் ஏறத்தாழ 6 சதவீதத்துக்கு இறங்கியது. நகரத்தில் பத்தில் ஒன்பது வீட்டுக்குக் குழாய் போனது. ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் நிலைமைக்கேற்பத் தள்ளுபடி. மிக ஏழைகளுக்கு முழுத் தள்ளுபடி. அதற்கு முன் அவர்கள் வண்டிக்காரரிடம் குடக்கணக்கில் பல மடங்கு விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எக் சொன் சானுக்கு 2006இல் மகசேசே விருது. வாரியத்துக்கு 2010இல் ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருது.

பேசி முடித்ததும் தாத்தா எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்துக் கடகடவென்று குடித்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். லேசாகக் குளோரின் வாசம், அவ்வளவுதான். ஆனால் அதே சமையலறை மூலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் கவிழ்த்து வைத்த ஸ்டாண்டு நின்றது. மருமகள் குழந்தைக்குக் குழாய்த் தண்ணீர் கொடுப்பதில்லை. மாமனார் முப்பது வருடம் காது கொடுத்துக் காப்பாற்றிய தண்ணீரை அவர் சந்தேகப்படவில்லை, வீட்டுக்குள் வரும் பழைய குழாயையும் மாடித் தொட்டியையும்தான் நம்பவில்லை என்றார். நியாயம்தான். வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிந்துவிடுகிறது.

கியன் ஸ்வாய்

மீகாங் கரையோரமாகத் தென்கிழக்கே போனால் கண்டால் மாகாணம். ஞாயிற்றுக்கிழமை நகரத்துக் குடும்பங்கள் வந்து, தண்ணீர்மேல் கட்டிய மூங்கில் பந்தல்களில் பாய் விரித்துப் படுத்து, சுட்ட மீனும் புளிப்பு மாங்காயும் தின்று பொழுதுபோக்கும் இடம். பந்தல்களைத் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு ஆளுயர சிமெண்டு ஜாடிகள். கூரைத் தகரத்திலிருந்து மூங்கில் வழியே மழைநீர் அதில் இறங்குகிறது. மழை முடிந்த நேரம், எல்லாம் நிறைந்திருந்தன.

ஒரு பாட்டி வீட்டு முற்றத்தில் அடிபம்பு இருந்தது. கைப்பிடியில் சிவப்புப் பெயிண்ட் உரிந்து போயிருந்தது. குடிக்காதே என்பதற்கு அந்தச் சிவப்பு. தொண்ணூறுகளில், குட்டைத் தண்ணீரால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறதென்று உதவி நிறுவனங்கள் ஊரெங்கும் ஆழ்குழாய் போட்டன. தண்ணீர் பளிங்கு போல வந்தது. 2000ஐ ஒட்டித்தான் அதில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. இமயத்திலிருந்து மீகாங் கொண்டுவந்து படிய வைத்த வண்டலில் இரும்புத் துகள்களோடு ஒட்டியிருக்கும் நஞ்சு அது. மண்ணில் மக்கும் தழைகுப்பையால் காற்றற்றுப் போன இடங்களில் நுண்ணுயிர்கள் அந்த ஒட்டை அவிழ்த்துவிட, நஞ்சு நிலத்தடி நீரில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கண்டாலில் 1,000ஐத் தாண்டிய கிணறுகள் உண்டு.

பாட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் தடித்து, சோளமணி போலப் புடைப்புகள். எட்டு வருடம் குடித்ததாகச் சொன்னார். ருசியில்லை, நிறமில்லை, வாசமில்லை, எப்படித் தெரியும் என்று கேட்டார். நல்லது செய்ய வந்தவர்கள் ஒரே ஒரு பரிசோதனையைச் செய்யாமல் விட்டதன் விலை அந்தக் கையில் இருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் நல்லெண்ணத்துக்கு ஆய்வகச் சீட்டு துணையில்லாவிட்டால் ஆபத்துதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது அவர் வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து ஊருக்கு விடும் சிறு தனியார் குடிநீர்க்காரர்கள் கம்போடிய மாகாணங்களில் நிறையப் பேர். அந்தத் தண்ணீரில் துவைக்கிறார், குளிக்கிறார். குடிக்க ஜாடித் தண்ணீர்தான். கிளம்பும்போது ஜாடியிலிருந்து ஒரு சிரட்டை மொண்டு கொடுத்தார். குளிர்ச்சியாக இருந்தது.

சூங் ஏக்

முந்தின இரவு சந்தையில் வள்ளைக்கீரை வதக்கல் சாப்பிட்டிருந்தேன். தண்ணீரில் படரும் கொடிக்கீரை. தண்டு உள்ளீடற்று மொறுமொறுவென்றிருக்கும். இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் பூண்டு, சோயா விழுது, கீரை, நெருப்பு சட்டிக்குள் பாய ஒரே புரட்டு. இங்கே இந்தக் கீரை இல்லாத சாப்பாட்டு மேசையே கிடையாது. மறுநாள் அது விளையும் இடத்துக்குப் போனேன்.

நகரத்தின் தெற்கு விளிம்பில், கெமர் ரூஜ் கொலைக்களத்தின் நினைவிடத்துக்குச் சற்றுத் தள்ளி, சூங் ஏக் சதுப்பு ஏரி. ஒரு காலத்தில் 1,500 ஹெக்டேர். புனோம் பென்னின் மழைநீரும் கழிவுநீரும் பெரும்பாலும் வாய்க்கால் வாய்க்காலாகத் திரண்டு, பம்பு வைத்து இதற்குள்தான் தள்ளப்படுகின்றன. வாய்க்கால் விழும் இடத்தில் தண்ணீர் கறுப்பு மை. நுரை. மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லை. அங்கிருந்து மேட்டின் மேலேயே நடந்துபோகப் போக, கண்ணுக்கெதிரே நிறம் மாறுகிறது. கறுப்பு சாம்பலாகி, சாம்பல் பச்சையாகி, வெங்காயத்தாமரையும் வள்ளைக்கீரையும் அடர்ந்த பாத்திகளைத் தாண்டும்போது வானம் தெரியுமளவு தெளிகிறது. வேர்களும் அவற்றில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை. பிறகு அது பிரேக் தினோட் ஆற்றின் வழியே பாசாக்கில் கலக்கிறது. ஒரு தலைநகரத்துக்கு இத்தனை காலமாக இருந்த கழிவுநீர் நிலையம் இந்தச் செடிகள்தான்.

கணவனும் மனைவியுமாகப் படகில் கீரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கட்டும்போது உடம்பெல்லாம் அரிக்குமாம். பழைய இன்ஜின் எண்ணெயைப் பூசிக்கொள்கிறார்கள். மழை தொடங்கிய முதல் நாட்களில் வரும் தண்ணீர்தான் மோசம், அப்போது செடியே கருகும் என்றார் அந்த அம்மாள். நான் முந்தின இரவு கீரை சாப்பிட்டதைச் சொன்னேன். "நன்றாக வேக வைத்திருந்தார்களா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

படகுக்குப் பின்னால் இரும்புக் குழாய் ஒன்று ஆற்றுமணலைக் குழம்பாக ஏரிக்குள் கக்கிக்கொண்டிருந்தது. மணல்மேட்டின்மேல் அடுக்குமாடி விளம்பரப் பலகைகள். நகரின் வடக்கே பெங் காக் என்றொரு ஏரி இருந்தது. 2007இல் குத்தகைக்குப் போய், மணல் கொட்டி முழுதாக மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இங்கேயும் அதே வேலை, இன்னும் பெரிய அளவில். கீரைக்காரக் குடும்பங்கள் மீதியிருக்கும் தண்ணீரை நோக்கி ஒவ்வொரு வருடமும் பாத்திகளை நகர்த்திக்கொண்டே போகிறார்கள்.

ஜப்பான் அரசின் மானியத்தில், ஏரிக்கரையில் புனோம் பென்னின் முதல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் 2023 இறுதியில் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தேன். சுத்தமான, சிறிய கட்டடம். நாளுக்கு 50 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும். அதே 2023இல் இயங்கத் தொடங்கிய பாக்கெங் குடிநீர் நிலையத்தின் இரண்டு கட்டங்களும் சேர்ந்து நாளுக்கு 39 கோடி லிட்டர். அந்த ஒரு நிலையம் மட்டும். நகரத்துக்குள் போகிற தண்ணீரில் பெரும்பங்கு வெளியே வந்தாக வேண்டுமே, அது எங்கே போகும்? குடிநீரைக் கொண்டுவந்து சேர்த்த அந்த அபாரமான ஒழுங்கு, மீட்டர், இரவு இரண்டு மணிக் காது, எல்லாம் சமையலறைத் தொட்டியின் வடிகால் ஓட்டையோடு நின்றுவிட்டது. குடிநீருக்குத் தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு வாரியம், பெயர் சொல்ல ஒரு தலைவர். சாக்கடை நகராட்சியின் கையில். தண்ணீர் ரசீதோடு கழிவுநீருக்கென்று பத்து சதவீதம் வசூலாகி வந்திருக்கிறது. அந்தப் பத்து சதவீதத்தில் வாய்க்கால் தூர் வாரலாம், நிலையம் கட்ட முடியாது.

எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் ஒரே வாரியத்திடம். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று பெரிய கழிவுநீர் நிலையங்கள் இருக்கின்றன. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, எதிர் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, நாளுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்கு விற்கிறோம். இதில் நாம் புனோம் பென்னைவிட எவ்வளவோ முன்னே. ஆனாலும் கூவத்தில் இன்னும் சாக்கடை கலக்கிறது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நாமும்தான் குப்பையாலும் கட்டடத்தாலும் தின்று தீர்த்தோம். குழாயோ, இருபத்துநான்கு மணி நேரம் வருவதில்லை. அவர்கள் வரும் தண்ணீரை ஜெயித்தார்கள். நாம் போகும் தண்ணீரில் பாதி தூரம் வந்தோம். இரண்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வைத்து நடத்தும் துணிச்சல்தான் இரண்டு ஊருக்கும் இனி வேண்டியது.

கம்பொங் லுவாங்

வடமேற்கே, பூசாட் மாகாணத்தில், பெரிய ஏரியின்மேல் ஓர் ஊரே மிதக்கிறது. வீடு, பள்ளிக்கூடம், மாதா கோயில், பெட்ரோல் பங்க், பனிக்கட்டி ஆலை எல்லாம் மிதவைமேல். கோடையில் ஏரி சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் 15,000ஐத் தொடும். கரை விலக விலக ஊரும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே போகும். நான் போனபோது ஏரி நிறைந்து, ஊர் கரைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒரு வீட்டுப் பின்பக்கம் ஓர் அம்மாள் ஏரித் தண்ணீரை ஜாடியில் மொண்டு, கையில் படிகாரக் கட்டியைப் பிடித்து வட்டமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கல் திரிந்து பஞ்சு பஞ்சாக அடியில் இறங்கியது. ஃபும் பிரேக்கில் பிரம்மாண்டமான தொட்டிகளில் நடப்பதும் முதல் படியில் இதேதான். எங்கள் பாட்டி தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பாள். தெளியும், கிருமி சாகாது. அதற்குக் காய்ச்ச வேண்டும். விறகு வாங்க வேண்டும். பத்தடி தள்ளி, அதே வீட்டின் கழிப்பறை: பலகையில் ஒரு ஓட்டை, கீழே ஏரி.

பக்கத்திலிருந்த சிறு குடியிருப்பில் சில வீடுகளுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. கழிப்பறைக்குக் கீழே மூடிய பீப்பாய் ஒன்று கட்டியிருக்கிறார்கள். மலம் அதில் தங்கி மக்குகிறது. நிரம்பி வழிவது அடுத்த பீப்பாய்க்குப் போகிறது. அதற்குள் மிதக்கும் துண்டுகளில் நுண்ணுயிர்கள் பாசி போலப் படர்ந்து மிச்ச அழுக்கைத் தின்கின்றன. கடைசியில் வெளியேறும் நீர் வெங்காயத்தாமரை வேர்களுக்கிடையே போய் ஏரியில் சேருகிறது. குடிக்கும் தண்ணீர் ஆகிவிடாது, குழந்தைகள் முங்கிக் குளிக்கும் இடத்தில் கிருமி வெகுவாகக் குறையும். மின்சாரம் வேண்டாம். ஊர் நகர்ந்தால் கூடவே நகரும்.

அந்த வீட்டுக்காரப் பெண்ணிடம் புனோம் பென் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். ஓட்டுநர் பையன் உற்சாகமாக மொழிபெயர்த்தான். அவர் வலையைச் சிக்கெடுத்தபடியே கேட்டுவிட்டு, ஆறு ஓடும் பக்கம் மோவாயால் காட்டினார்.

"இந்த ஏரித் தண்ணிதானே அங்கே போகுது. அவங்ககிட்ட மெஷின் இருக்கு, சுத்தம் பண்ணிக்குவாங்க. நாங்க இங்கேயே குடிக்கிறோம். அவங்க குழாய்க்கு வந்த வெள்ளைக்காரங்க, ஜப்பான்காரங்க யாரும் எங்க பீப்பாய்க்கு வரல. இதுக்கு ஒரு சங்கம் வந்தது, பாதிக் காசு நாங்க போட்டோம்."

எத்தனை வீட்டுக்கு இன்னும் வேண்டும் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத்தான் முதலில் வேண்டும் என்றார். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குப் பயந்து நின்றுவிடுகிறார்களாம். அன்று பிற்பகல் எதிர்வீட்டுக்குப் புதுப் பீப்பாய் ஒன்று படகில் வந்தது. அதை மிதவைக்கு அடியில் செருக நாலு பேர் போதவில்லை. பையனும் நானும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தோம்.